பத்துக்கு ஆறு

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளி வாயில் டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்து, பட்டறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே ராவுகிற மெஷின், அதே வெள்ளைத் தூசி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். குடிக்க மாட்டார், ஊர் சுற்ற மாட்டார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. போர்டு கேம்.

சொன்ன உடனே எல்லாரும் "செஸ்ஸா, கேரமா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. பெரிய பெரிய பெட்டியாக வரும். உள்ளே மடித்து வைத்த வரைபடம், விரல் நுனி அளவுக்கு மர மனிதர்கள், நூற்றைம்பது அட்டைகள், முப்பது பக்கத்துக்கு ஒரு விதிப் புத்தகம். ஒருவர் தீவில் ஊர் கட்டுவார், ஒருவர் ரயில் பாதை போடுவார், ஒருவர் ஆடு வளர்ப்பார், எல்லாம் மேசைமேல். மூன்று மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் ஜெயிப்பார். தோற்ற மூன்று பேரும் ஏன் தோற்றோம் என்று இன்னொரு மணி நேரம் பேசுவார்கள். எங்கள் படுக்கையறையில் இப்படி இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன. என் துணிமணிக்கு மிச்சம் ஒரே ஒரு அலமாரி. அதிலும் கீழ்த்தட்டு அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவருடைய கூட்டம் வரும். ஒரு லிப்ட் மெக்கானிக், ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர் ஒருவர், கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பெண். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். அடுத்த ஆட்டம் என்றால் மறுபடி கழுவ வேண்டும். அட்டையில் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் அவருக்கு உயிரே போய்விடும். நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். எனக்கே கை கழுவச் சொல்லிக் கொடுப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஏதாவது மரக்கட்டை தொலைந்துபோனால் பல் செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் மாவில் அதே மாதிரி ஒன்று வார்த்துவிடுவார். எங்கள் வீட்டு ஆட்டு மந்தையில் நாலு ஆடு ஈறு நிறத்தில் இருக்கும்.

விளையாடுவதோடு விட்டாரா? எழுதவும் செய்வார். இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். எந்த ஆட்டத்தையும் பத்து முறை ஆடாமல் ஒரு வரி எழுத மாட்டார். அதனால் அவருக்குப் 'பத்தாட்டம்' என்றே பெயர். ஆரம்பத்தில் இப்படி இல்லை. ஒரே ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டத்தை ஆகா ஓகோ என்று எழுதினார். அதை நம்பி ஒரு லாரி டிரைவர் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது முறை ஆடும்போதே அது பல்லிளித்துவிட்டது. "நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன் சார்" என்று அந்த மனுஷன் ஒரு வரி எழுதியிருந்தார். திட்டக்கூட இல்லை. இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பத்து.

"அச்சுல வச்சா எல்லா செட்டும் நல்லாத்தான் உக்காரும். வாயில மாட்டிக் கடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்பார். ரொம்ப நல்லது. ஊரார் விஷயத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் தம்பி விஷயத்தில் வந்தபோதுதான் எனக்குக் கோபம் உச்சி மண்டை வரை ஏறியது.

என் தம்பி ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கிற வேலையில் இருந்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாரிடமோ திட்டு வாங்குகிற வேலை. எங்கள் வீட்டுப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் பித்துப் பிடித்து, சொந்தமாக ஒரு ஆட்டம் செய்ய ஆரம்பித்தான். 'சரக்குக் கப்பல்' என்று பெயர். நாலு பேர், நாலு கப்பல், நடுவில் ஐந்து சரக்கு அட்டைகள். முறை வரும்போது ஒன்றை எடுத்துக் கப்பலில் ஏற்ற வேண்டும். இருக்கிற சரக்கிலேயே தங்கத்துக்குத்தான் புள்ளி அதிகம். மூன்று வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதான். பார்க்கிற ஆளை எல்லாம் உட்கார வைத்து, தானே அடுக்கி, தானே சொல்லிக் கொடுத்து ஆட வைப்பான். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வேலையை விட்டான். ஆயிரம் பெட்டி அச்சடித்தான். ஆறு வாரத்தில் விளையாட்டுக் கண்காட்சி. ஊரிலேயே பெரிய பொம்மைக் கடைக்காரர், "பத்தாட்டம் எழுதட்டும் தம்பி, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். பத்தாட்டம் யார்? வீட்டு மாப்பிள்ளை! அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டு, "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை மாப்பிள்ளை" என்றாள். பெரியப்பா வழக்கம்போல, "கொழந்தைங்க சமாச்சாரம்தானே, நாலு வரி நல்லதா எழுதிப் போட்டுட்டுப் போ" என்றார். பெரியப்பாவுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். பெரியப்பா வாயில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் என் வீட்டுக்காரர் செய்து கொடுத்த பல்தான். அதையும், "ஒரு செட்டுக்கு ஏழு தடவ அலைய விட்டான்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து, விதிப் புத்தகத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட ஆரம்பித்தார்கள். நாலாவது ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்தார்.

"தம்பி, மொதல்ல ஆடுறவன்தான் ஜெயிக்கிறான். எங்கயோ இடிக்குது. பாத்தியா?"

தம்பி சிரித்தான். எனக்கே போனில் கேட்டது. "மாமா, நாலு ஆட்டத்துல என்ன தெரியும்? நீங்கதானே பத்துன்னு சொல்லுவீங்க? ஆட ஆடப் புரியும் மாமா."

மூன்று ஞாயிறு, பத்து ஆட்டம். பத்தாவது ஆட்டம் முடிந்த மறுநாளே எழுதிவிட்டார். அட்டை அழகாக இருக்கிறது, படம் அழகாக இருக்கிறது, முதலில் ஆடியவர் பத்தில் எட்டு முறை ஜெயித்தார், மற்ற மூன்று பேர் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பத்துக்கு இரண்டு.

இரண்டு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டியூட்டியில் இருக்கும்போது அம்மா போன் செய்து அழுகிறாள். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்தால் தம்பி வாசலிலேயே நின்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு நான் என்ன மாமா பாவம் பண்ணேன்? எதிரிகூட மூணு போட்டிருப்பான்!"

"எதிரியா இருந்தாலும் ரெண்டுதான் போட்டிருப்பேன்" என்றார் அவர்.

இதுதான் ஆறுதல் சொல்கிற லட்சணமா? தம்பி மூஞ்சி சிவந்து போய்விட்டான். அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "இப்பவே அழிங்க அதை."

"அழிக்க மாட்டேன்."

"என் தம்பிங்க அவன். வேலையை விட்டுட்டு நிக்கிறான். நீங்க எழுதினது அவன் வயித்துல அடிக்கிற மாதிரி இல்ல?"

"அந்த லாரி டிரைவர் வீட்டுலயும் அக்கா தங்கச்சி இருப்பாங்க."

"லாரி டிரைவர் நாளைக்கு வந்து உங்களுக்குச் சோறு போடுவாரா?"

"நீதான் போடணும். போடலன்னாலும் அழிக்க மாட்டேன்."

கத்தவாவது செய்தால் நானும் கத்தலாம். மனுஷன் அட்டைகளுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டே பேசுகிறார். இருநூற்றுப் பதினான்கையும் வாரித் தெருவில் கொட்டலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கொட்டவில்லை. பேச்சை நிறுத்தினேன். அம்மாவும் நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தால் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டே என்னிடம், "ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்பாள். அவர் எழுந்து குறைப்பார். யாருக்கும் வெட்கமில்லை, எனக்குத்தான் மானம் போனது.

அடுத்த ஞாயிறு தம்பி திடுதிப்பென்று வந்து நின்றான். பின்னாலேயே அம்மா. கையில் ஒரு புதுப் பெட்டி.

"என் கண்ணு முன்னாடி ஆடுங்க. நான் அடுக்கித் தரேன். மொத ஆளு ஜெயிச்சா நான் வாயை மூடிக்கிறேன். ஜெயிக்கலன்னா நீங்க எழுதினதை அழிக்கணும். சரியா?"

"தப்பு என் மேலன்னா அழிக்கறதென்ன, தப்பு என் மேலன்னே எழுதுறேன்" என்றார் அவர். குரலில் பிசிறு இல்லை. எல்லாரும் கை கழுவப் போனார்கள். தம்பி அட்டையைக் கலைத்து அடுக்கினான். முதல் ஆட்டத்தில் மூன்றாவதாக ஆடிய கூரியர் பெண் ஜெயித்தாள். மறுபடி கை கழுவல், மறுபடி ஆட்டம். இரண்டாவதாக ஆடிய டீச்சர் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் கடைசியில் உட்கார்ந்த லிப்ட் மெக்கானிக் ஜெயித்து மேசையில் தட்டினார்.

தம்பி நிமிர்ந்து நின்றான். "பாத்தீங்களா? ஆடத் தெரியாம ஆடிட்டு என் பொழப்பைக் கெடுத்துட்டீங்க!"

அம்மா அவரை நேராகப் பார்த்தாள், ஒரு வாரத்தில் முதல் முறையாக. அவர் முகம் செத்துப்போனது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. தம்பி ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

"தங்கம் வரவேயில்லையே இன்னைக்கு மொதல்ல" என்று லிப்ட் மெக்கானிக் முனகினார்.

"அது வர்ற நேரத்துல வரும்" என்றான் தம்பி.

அவர் நோட்டை எடுத்தார். "இன்னும் ஒண்ணு ஆடிடலாம். அப்புறம் எழுதுறேன்" என்றார். எல்லாரும் மறுபடி கை கழுவ எழுந்து போனார்கள். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டு மேசைப் பக்கமே நின்றிருந்தேன். தம்பி அட்டைகளைத் திருப்பி வைக்க ஆரம்பித்தான்.

என் வேலை என்ன தெரியுமா? தியேட்டரில் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணுவது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. கணக்கு ஒத்து வராமல் டாக்டரைத் தையல் போட விடமாட்டேன், அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. அடுத்தவர் கையைப் பார்த்து எண்ணுவது எனக்குப் பழகிப்போன விஷயம், வேண்டாம் என்றாலும் கண் எண்ணும். தம்பி ஏழு அட்டை திருப்பினான். மேசையில் ஐந்துதான் கிடந்தது.

"டேய், ரெண்டு எங்க?"

"என்னக்கா?"

"ஏழு திருப்பின. அஞ்சுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு எங்கடா?"

"அதுவா? அது தங்கம்க்கா. மொத வரிசைல தங்கம் வந்தா கட்டுக்கு அடில சொருகிட்டு வேற எடுக்கணும்ல" என்றான், கதவைச் சாத்தினால் தாழ் போட வேண்டும் என்பது மாதிரி.

கை துடைத்துக்கொண்டு வந்த நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் மெதுவாகக் கேட்டார். "அது எங்கப்பா எழுதியிருக்கு?"

தம்பி புத்தகத்தைப் புரட்டினான். முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான். மொத்தமே எட்டுப் பக்கம். மூன்றாவது தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினான். எழுதவே இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் அவனே அடுக்கியிருக்கிறான். அந்த விதி அவன் கையிலேயே இருந்திருக்கிறது, காகிதத்துக்கு இறங்கவே இல்லை. அவன் இல்லாத மேசையில் முதல் ஆள் தங்கத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவான், மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"நான் ஆடும்போது நல்லாத்தானே மாமா இருந்துச்சு" என்றான். 

"வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் நீ போய் அடுக்கித் தருவியா?"

"ஆயிரம் பெட்டி மாமா..."

"அதை ஒரு துண்டுச் சீட்டுல அடிச்சு ஆயிரத்துலயும் வைக்கலாம். ஒரே வரிதானே."

அம்மா மட்டும் விடவில்லை. "இதை மொதல்லயே காதோட சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் எழுதித்தான் ஆகணுமா?" என்றாள் நேராக அவரிடமே. அவர் வாயைத் திறக்குமுன் தம்பி சொன்னான். "சொன்னாரும்மா. நாலாவது ஆட்டத்துலயே போன் பண்ணாரு. நான்தான் சிரிச்சேன்."

அதற்கப்புறம் நாலு நாள் தம்பி வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆயிரம் பெட்டியின் பிளாஸ்டிக் உறையையும் கிழித்தோம். அம்மா கிழிப்பாள், நான் சீட்டை வைப்பேன், தம்பி மூடுவான். அவர் பட்டறையிலிருந்து நேராக வந்து, கையுறை மாட்டிக்கொண்டு புது உறை போடுவார். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேட்கச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டேன்.

சீட்டு வைத்த பெட்டியை மறுபடி பத்து முறை ஆடினார். கண்காட்சி நெருங்கிவிட்டதால் தினமும் சாயங்காலம் ஆட்டம். தம்பி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சருக்குக் காய்ச்சல் என்பதால் மூன்று ஆட்டத்துக்கு நான் உட்கார்ந்தேன், கை கழுவிவிட்டுத்தான். ஒன்றில் ஜெயித்தேன். கடைசி ஆளாக உட்கார்ந்து ஜெயித்தேன், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் புது விமர்சனம் வந்தது. சீட்டோடு ஆடினால் நாலு பேருக்கும் ஆட்டம் உண்டு, நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, கடைசிச் சுற்று சுவாரசியம். பத்துக்கு ஆறு.

தம்பி ஓடி வந்தான். "ஆறுதானா மாமா?"

"ஆறுதான்."

"ஏழாச்சும் போடக்கூடாதா மாப்பிள்ளை?" என்றாள் அம்மா.

"ஆறு, அத்தை."

"சரி, அந்தப் பழைய ரெண்டையாவது எடுத்துடலாமே மாமா? இப்பத்தான் சரி பண்ணியாச்சே."

"சீட்டு இல்லாத பெட்டிக்கு அது இன்னும் ரெண்டுதான். அது மேலேயே இருக்கட்டும். ஆறு அதுக்குக் கீழ இருக்கும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டேன். ஆனால் இந்த முறை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொம்மைக் கடைக்காரர் மேலே இருந்த இரண்டையும் படித்தார், கீழே இருந்த ஆறையும் படித்தார். "நாப்பது பெட்டி அனுப்பு தம்பி" என்றார்.

கண்காட்சியில் தம்பிக்கு மூலையில் ஒரு மேசைதான் கிடைத்தது. பக்கத்து மேசைகளில் எல்லாம் பத்துக்குப் பத்து, நிகரே இல்லை என்று பெரிய பெரிய எழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு விமர்சனத்தையும் முழுசாக அச்சடித்து மாட்டியிருந்தான். மேலே இரண்டு, கீழே ஆறு. எனக்கே பகீரென்றது. ஆனால் போகிறவர்கள் நின்று படித்தார்கள். படித்தவர்கள் உட்கார்ந்து ஆடினார்கள். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், அவர்களே அடுக்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் நாலு மேசை தள்ளி யாருடைய விதிப் புத்தகத்தையோ படித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெரியப்பா வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சொந்த மச்சானுக்கு ஆறு மார்க்கு! மொதல்ல ரெண்டு வேற! ஏம்மா, உன் புருஷன் மொதத் தடவையே நல்லா இருக்குன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பான்?"

அன்றைக்கு நான் அவரிடம் சண்டை போட்டுக் கேட்டதும் இதையேதான். பெரியப்பா வாயில் கேட்டபோதுதான் எனக்கு அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்தது.

"பெரியப்பா, உங்க பல் செட்டுக்கு அவர் எத்தனை தடவை அலைய விட்டாரு?"

"ஏழு தடவ! அதை ஏன் இப்ப கேக்கற?"

"மொதத் தடவையே நல்லா இருக்குன்னு அவர் ஒரு பொய் சொல்லியிருந்தா, இன்னைக்கு இவ்ளோ பேரு முன்னாடி நீங்க இப்படி வாய் நிறையப் பேச முடியுமா?"

உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். பெரியப்பா வாயை மூடினார். பல் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று மறுபடியும் அந்த ஆறைப் படித்தார். அப்புறம் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"சீட்டு உள்ள இருக்கா?" என்று தம்பியிடம் கேட்டார்.